பீப்பாயும் மாத்திரையும்

பாதி ஆயுளைப் பொறியாளராகக் கழித்தவர் துப்பறியும் நாவல் எழுத வந்தால், அந்தத் தொழிலறிவே அவருக்குக் கைமுதல் என்று சொல்வார்கள். ஃப்ரீமன் வில்ஸ் கிராஃப்ட்ஸை அதற்குச் சாட்சியாக நிறுத்துவதும் உண்டு. அவரைப் படிக்கப் படிக்க, இந்தச் சாட்சி இரண்டு பக்கமும் பேசுவதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

கிராஃப்ட்ஸ் 1879இல் டப்ளினில் பிறந்தார். அயர்லாந்தின் வடபகுதியில் ஒரு ரயில்வேயின் தலைமைப் பொறியாளராக இருந்த தாய்மாமனிடம் பதினேழு வயதில் தொழில் பழகச் சேர்ந்தார். 1919இல் நோயில் நெடுநாள் படுத்திருந்தபோது, பொழுது போகாமல் எழுதத் தொடங்கியதுதான் ‘தி காஸ்க்’. அது மறு ஆண்டு வெளிவந்தது. அகதா கிறிஸ்டியின் முதல் நாவலும் அதே 1920இல்தான் வந்தது. ஆனால் கிராஃப்ட்ஸ் உடனே வேலையை உதறவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து, ஐம்பதை ஒட்டிய வயதில்தான் முழுநேர எழுத்தாளரானார்.

‘தி காஸ்க்’ தொடங்கும் இடம் அபாரம். லண்டன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்கும்போது ஒரு பீப்பாய் கீழே விழுந்து லேசாகப் பிளக்கிறது. பிளவு வழியே தங்க நாணயங்கள் உதிர்கின்றன. உள்ளே ஒரு பெண்ணின் கை தெரிகிறது. அதன்பின் நாவல் முழுக்க, பீப்பாய் எந்த ரயிலில் ஏறியது, எந்தத் துறைமுகத்தில் இறங்கியது, யார் கையெழுத்திட்டு வாங்கினார்கள் என்ற விசாரணைதான். சரக்கு எப்படி நகரும் என்று தெரிந்த கை எழுதியது என்பது பக்கத்துக்குப் பக்கம் புலப்படும். கொலையாளி கட்டிய பொய்ச் சாட்சியத்தை ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்தெடுக்கும் அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன். கட்டுமானத்தில் இவரை மிஞ்ச ஆளில்லை என்ற பொருளில் துப்பறியும் நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லரே பாராட்டியிருக்கிறார்.

குறையும் அங்கேதான். புத்தகத்தை மூடும்போது பீப்பாயின் பயணம் நமக்கு மனப்பாடம். அதற்குள் கிடந்த பெண்ணோ கடைசிவரை அந்நியம். விமர்சகர் ஜூலியன் சைமன்ஸ் இந்த வகை எழுத்தைச் சுவையற்றது என்று ஒதுக்கியதைக் கொஞ்சம் கடுமை என்பேன், பொய் என்று சொல்ல மாட்டேன். பின்னால் வந்த நாவல்களில் துப்பறியும் இன்ஸ்பெக்டர் ஃப்ரெஞ்ச் நல்ல மனிதர், கடும் உழைப்பாளி. இருந்தும் பல நாவல்களில் அவரை ஒரு தள ஆய்வு அறிக்கையைப் போலத்தான் எழுதியிருக்கிறார் கிராஃப்ட்ஸ்.

ஆனால் 1934இல் வந்த ‘தி 12.30 ஃப்ரம் கிராய்டன்’ வேறு தரம். கொலைகாரன் யார் என்பதில் இங்கே மர்மமே இல்லை. அவன் மனசுக்குள்ளிருந்துதான் கதை நகர்கிறது. சார்ல்ஸ் ஸ்வின்பர்ன் மின்மோட்டார் தொழிற்சாலை முதலாளி. பொருளாதார மந்தத்தில் கடன் கழுத்தை நெரிக்கிறது. சொத்துள்ள தன் மாமா செரிமானத்துக்காகத் தினமும் விழுங்கும் மாத்திரைகளைப் போலவே சயனைடு வைத்து ஒன்றைச் செய்து குப்பிக்குள் போட்டுவிடுகிறான். அது மாமாவின் கைக்கு வரும் நாளில் தான் அருகில் இருக்கக்கூடாது என்பது அவன் கணக்கு. சோதனை, அளவு, பிழைக்கு இடம், மாற்றுவழி என்று அவன் யோசிப்பது ஒரு பொறியாளர் யோசிக்கும் முறையேதான். காரியம் பிசகில்லாமல் முடிய வேண்டும் என்ற முனைப்பில், எதிரே இருப்பது ஓர் உயிர் என்பது அவன் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது. படிக்கும்போது எனக்குக் குளிரெடுத்தது. முந்தைய நூல்களில் ஆசிரியரின் பழக்கமாக இருந்தது இங்கே பாத்திரத்தின் குணமாகிவிட்டது. கடைசி அத்தியாயங்களில் ஃப்ரெஞ்ச் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்குவது மட்டும் பெரிய சறுக்கல். வாசகர் முன்பே அனுபவித்ததை மறுபடி ஒப்பிக்கிறார்.

ரயில்வே கிராஃப்ட்ஸுக்குக் கதை கட்டும் கையைக் கொடுத்தது, மனிதர்களைக் கொடுக்கவில்லை. தன் தொழில்மூளை ஒரு குற்றவாளிக்குள் எப்படி வேலை செய்யும் என்று எழுதியபோதுதான் அவர் நாவலாசிரியர் ஆனார். அது நடந்தபோது முதல் நூல் வந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. கிராஃப்ட்ஸைப் புதிதாகப் படிக்கப் போகிறவர்கள் பீப்பாயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்; மாத்திரையிலிருந்து தொடங்குங்கள்.