அரட்டையும் முதலையும்

2025 செப்டம்பர் கடைசியில், மூன்றே நாளில், அரட்டை செயலியில் புதிதாகச் சேருபவர்களின் எண்ணிக்கை ஒரு நாளைக்கு 3,000-இல் இருந்து 3,50,000 ஆகிவிட்டதாக ஸ்ரீதர் வேம்பு சொன்னார். கூடுவாஞ்சேரிப் பக்கம் ஜிஎஸ்டி சாலையோரம் இருக்கும் ஒரு நிறுவனத்தின் மென்பொருளை நாடே இறக்கிப் பார்த்தது. ஓடிபி வரல, கால் போகல என்று புகார்கள் வந்தன. அவசரமாகச் சர்வர்களைக் கூட்டிக்கொண்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. அடுத்த ரெண்டு வாரம் நாம எல்லாருமே விமர்சகர்கள். பேர் நல்லா இல்ல, வாட்ஸ்அப் மாதிரியே இருக்கு, செய்திகளுக்கு முழு மறையாக்கம் இல்ல.

இதில் கடைசி ஒன்றுதான் உருப்படியான குறை. அதையும் நவம்பரில், முதலில் இருவர் பேசும் அரட்டைகளுக்கு, சரிசெய்யத் தொடங்கினார்கள். ஆனால் இந்தச் சத்தத்தில் பெரிதாக எழாத கேள்வி ஒன்று இருக்கிறது. இதைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்களை எப்படிக் கையாளப் போகிறார்கள்? சர்வர் விழாமல் பார்த்துக்கொள்வது ஒரு வேலை, மோசடிக்காரனைத் தடுப்பது வேறொரு வேலை என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். என் கட்சி, ரெண்டும் ஒரே வேலை. இதற்கு சோஹோவின் சொந்தக் கதையே சாட்சி.

2018 செப்டம்பர் 24. சோஹோ டாட் காம் என்ற பெயரே இணையத்தில் இருந்து காணாமல் போனது. அந்தப் பெயரைப் பதிந்து வைத்திருந்த டியர்ராநெட் என்ற அமெரிக்க நிறுவனம் அதை முடக்கிவிட்டது. காரணம், சோஹோ மின்னஞ்சல் கணக்குகளில் இருந்து ஃபிஷிங் நடக்கிறது என்று போன புகார்கள். மொத்தமே மூன்று புகார், அதில் ரெண்டை உடனே கவனித்துவிட்டோம் என்றார் வேம்பு. அப்போது சோஹோவுக்கு 3 கோடிக்கும் மேல் பயனர்கள். டேட்டா சென்டரில் ஒரு திருகாணிகூடக் கழலவில்லை, ஆனாலும் பலருக்குக் கடை மூடிக் கிடந்தது. நிறுவனத் தலைவரே ட்விட்டரில் வந்து உதவி கேட்கும் நிலை. பிறகு பெயரை கிளவுட்ஃபிளேருக்கு மாற்றினார்கள்.

அதோடு முடியவில்லை. சில நாட்களிலேயே கோஃபென்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம், தான் ஆராய்ந்த கீலாகர்களில் 40 சதவீதம் திருடிய தகவலை அனுப்ப சோஹோ மின்னஞ்சலைத்தான் பயன்படுத்துகின்றன என்றது. இலவசக் கணக்குக்கும் தொலைபேசி எண் சரிபார்ப்பு, வெளியே போகும் அஞ்சல்களைக் கண்காணிப்பது என்று சோஹோ கதவை இறுக்கியது அதற்குப் பிறகுதான். செய்ய வேண்டியதுதான், தாமதமாகச் செய்தார்கள். இப்போது அதே நிறுவனம் அரட்டை சர்வர் நடத்துகிறது. மின்னஞ்சலில் கற்ற பாடம் இங்கே உதவுமா என்றால், பாதிதான் உதவும்.

ஏன் பாதி? செய்தியைப் படித்துத் தடுப்பது என்ற வழி மறையாக்கம் வந்ததும் போய்விடுகிறது. போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை, அந்த வழி எப்போதுமே தள்ளாட்டம்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஈசிஆர் முதலைப் பண்ணையில் இருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று வாட்ஸ்அப்பில் பரவியது. பச்சைப் பொய். பண்ணையே மறுக்க வேண்டி வந்தது. எட்டு வருடம் கழித்து, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலன்று, பெருங்களத்தூர் – நெடுங்குன்றம் பக்கம் ராத்திரியில் ஒரு முதலை சாலையைக் கடக்கும் வீடியோ சுற்றியது. பார்த்தவுடன் “திரும்ப ஆரம்பிச்சுட்டாங்களா” என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள். ஆனால் அது நிஜம். அந்தப் பக்கத்து நீர்நிலைகளில் முதலைகள் இருப்பதை அரசு அதிகாரியே உறுதி செய்தார். 2015-இல் கற்றுக்கொண்டு “முதலை, வெள்ளம், சென்னை” என்று சல்லடை போட்ட சர்வர், 2023-இல் நெடுங்குன்றத்துக்காரருக்குத் தேவையான எச்சரிக்கையை விழுங்கியிருக்கும்.

சரி, உள்ளடக்கத்தை விட்டுவிட்டு நடத்தையைப் பார்க்கலாமே? புதுக் கணக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை முன்பின் தெரியாதவர்களுக்குச் செய்தி அனுப்பலாம், எத்தனை குழு தொடங்கலாம் என்று வரம்பு வைப்பது. இதை ஒரு தண்ணித் தொட்டி மாதிரி எழுதுவார்கள். ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு தொட்டி, ஒவ்வொரு செய்திக்கும் ஒரு குவளை, தொட்டி மெதுவாகத்தான் நிரம்பும். காலியானால் காத்திரு. வாட்ஸ்அப் 2018-இல் இந்தியாவில் ஃபார்வர்டுக்கு ஐந்து அரட்டை என்று வைத்த வரம்பும் இந்த வகைதான். 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும் என்று மாற்றியபோது, அப்படிப்பட்ட ஃபார்வர்டுகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்நிறுவனம் சொன்னது. யார் செய்தியையும் படிக்காமலே!

நல்ல வழிதான். ஆனால் வெள்ள நாளில் முடிச்சூரில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்க. மூணு மணி நேரம் செத்துக் கிடந்த டவர் திரும்ப வருகிறது. ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே நொடியில் சர்வரில் மோதுகின்றன. நின்றுபோயிருந்த பீச் லோக்கல் வந்ததும் தாம்பரம் பிளாட்பாரத்தில் நடக்குமே, அதே தள்ளுமுள்ளு. மாடியில் நிற்பவர் “நாங்க பத்திரமா இருக்கோம்” என்ற ஒரே வரியை நாற்பது பேருக்கு அனுப்புகிறார். நேற்றுதான் கணக்கு தொடங்கிய அவர் மருமகள் படகு எண் கேட்டு ஐந்து குழுவில் போடுகிறார். மொபைல் நிறுவனங்கள் ஒரே ஐபி முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதால் இவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் இருந்து வருவது போலவும் தெரியும். சர்வர் பக்கம் இருந்து பார்த்தால் இது அச்சு அசல் ஸ்பேம் தாக்குதல். அன்றைக்கு இந்த வரம்பு பூட்டப்போவது மோசடிக்காரனை அல்ல, முடிச்சூர்க்காரரை.

இதற்கு வைத்தியம் இருக்கிறது, கவர்ச்சியாகத்தான் இருக்காது. போன்கள் மீண்டும் இணையும்போது ஆளுக்கொரு வெவ்வேறு இடைவெளி விட்டு முயல வேண்டும். ஒரே செய்தி ரெண்டு தடவை வந்தால் சர்வர் அதன் அடையாள எண்ணைப் பார்த்து ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும், அதைப் புது அனுப்புதலாக எண்ணக் கூடாது. முகவரிப் பட்டியலில் ஏற்கெனவே இருப்பவருக்கு அனுப்புவதையும் அந்நியருக்கு அனுப்புவதையும் ஒரே தொட்டியில் இருந்து கழிக்கக் கூடாது. முக்கியமாக, சந்தேகம் வந்தால் வேகத்தைக் குறைக்கணும், கணக்கைக் கொல்லக் கூடாது. 2018-இல் டியர்ராநெட் செய்தது கொலை. அந்த வலி சோஹோவுக்குத் தெரியும்.

நம் ஊரில் இருந்து வந்த இன்னொரு யோசனையையும் சொல்லிவிடணும். 2019-இல் சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றில் ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் காமகோடி, செய்தியை முதலில் அனுப்பியவரின் எண்ணைச் செய்தியோடு ஒட்டியே அனுப்பலாம் என்றார். 2021 ஐடி விதிகள், 50 லட்சம் பயனர்களைத் தாண்டிய செய்திச் சேவைகள் முதல் அனுப்புநரைக் காட்ட முடிய வேண்டும் என்றே சொல்கின்றன. வாட்ஸ்அப் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனது. அரட்டை வளர வளர அந்த விதி அதன் கதவையும் தட்டும். எனக்கு இதில் உடன்பாடில்லை. நெடுங்குன்றத்தில் காருக்குள் இருந்து வீடியோ எடுத்தவர்தான் அந்த விதிப்படி ‘முதல் அனுப்புநர்’. விஷமி என்ன செய்வான்? வேறொருவர் எழுதியதை நகலெடுத்துப் போடுவான், இல்லை வெளிநாட்டு எண்ணில் இருந்து தொடங்குவான். புகார் செய்பவர் காட்டும் செய்தி உண்மையிலேயே அனுப்பப்பட்டதுதான் என்று மட்டும் சர்வர் உறுதிசெய்யும் முறையை ஃபேஸ்புக் 2016-லேயே எழுதி வெளியிட்டுவிட்டது. புகார் வந்தால் அந்த ஒரு செய்தி திறக்கும், மற்றதெல்லாம் பூட்டியே இருக்கும். அது போதும்.

மின்னஞ்சல், யுபிஐ போல அரட்டையும் மற்ற செயலிகளோடு பேச வேண்டும் என்கிறார் வேம்பு. கேட்க இனிக்கிறது. கூகுள் டாக்கும் ஒரு காலத்தில் வெளி சர்வர்களோடு பேசியதுதான். 2013 தொடக்கத்தில் வெளியில் இருந்து வந்த அழைப்புகளை ஸ்பேம் என்று தடுத்தது, அதே வருடம் ஹேங்அவுட்ஸ் வந்தபோது கதவே இல்லை. வேற சர்வர்க்காரன் தொல்லை கொடுத்தால் தாம்பரத்துப் பயனர் யாரிடம் புகார் செய்வார், அந்தப் புகார் எத்தனை மணி நேரத்தில் எங்கே போகும்? திறப்பு விழாவுக்கு முன்னால் இதை எழுதிக் காட்டட்டும். தவறாக முடக்கிய கணக்குகள் எத்தனை, அதில் திருப்பிக் கொடுத்தது எத்தனை, எவ்வளவு நேரத்தில் என்ற மூன்று எண்களையும் மாதாமாதம் சேர்த்துப் போடட்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் கிடைத்தால் நல்லது.