கறுப்புக் குடையும் எட்டு பிட்டும்

2006 செப்டம்பரில் லைக்கா எம்8 அறிவிக்கப்பட்டபோது நான் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கேமராவின் விலை ஐயாயிரம் டாலருக்குச் சற்றுக் குறைவு. ஆசைப்படுவதற்குக்கூட தைரியம் வராத விலை. ஆனால் அதன் ரா கோப்புகள் இலவசமாகக் கிடைத்தன. கேமரா கைக்கு வந்தவர்கள் எடுத்த படங்களை அப்படியே பகிர்ந்தார்கள். ஒவ்வொன்றும் பத்து எம்பி. கல்லூரி லேபில் இரவு நேரத்தில் இறக்கி, பென் டிரைவில் எடுத்து வந்து, விடுதி அறையின் பழைய மானிட்டரில் திறந்து பார்ப்பேன். பார்த்துவிட்டுத் தீர்ப்பும் சொல்வேன். அந்தக் கேமராவை நான் தொட்டதில்லை, நேரில் பார்த்ததுகூட இல்லை. அதெல்லாம் ஒரு தடையாகவே தோன்றவில்லை. ரா கோப்பு என்றால் கலப்படம் இல்லாத உண்மை, அது கையில் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன்.

என் தீர்ப்பு இரண்டே வரி. கூர்மை அபாரம். எட்டு பிட் அநியாயம்.

முதலாவது சரி. இரண்டாவது பெரும்பாலும் தவறு. நான் சொல்லாமல் விட்ட மூன்றாவது ஒன்றுதான் அந்தக் கேமராவின் உண்மையான குறை. அதுவும் அதே கோப்புகளில் என் கண்ணெதிரே இருந்தது. எனக்கு மட்டும் நேர்ந்தது என்றால் எழுதவே மாட்டேன். அன்றைக்கு வந்த முதல் விமர்சனங்கள் சிலவும் இதே இடத்தில் சறுக்கின. ஒரு கருவியை அதன் கோப்பை வைத்து மதிப்பிடும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதைப் புரிந்துகொள்ள எம்8-ஐவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

முதலில் எட்டு பிட் கதை. எம்8-இன் சென்சார் கோடாக் செய்த சிசிடி, ஒரு கோடியே மூன்று லட்சம் பிக்ஸல். ஒவ்வொரு பிக்ஸலும் பெற்ற ஒளி 14 பிட் எண்ணாக மாறும். அதாவது 0 முதல் 16,383 வரை. ஆனால் கோப்பில் எழுதும்போது அதை 256 படிகளுக்குள் சுருக்கிவிடுவார்கள். கோப்பு ஏன் சரியாகப் பத்து எம்பி என்றால் இதனால்தான்: ஒரு பிக்ஸலுக்கு ஒரு பைட். 14 பிட்டை 8 பிட்டாக வெட்டிவிட்டு இவ்வளவு காசா என்று கொதித்தவர்களில் நானும் ஒருவன்.

கொதித்தவன் அந்த 256 படிகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்திருக்க வேண்டும். பின்னாளில் வேலைக்குப் போன பிறகுதான் கோப்பைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு அட்டவணை இருக்கிறது. குறியீட்டு எண்ணை வர்க்கமாக்கி நான்கால் வகுத்தால் மூல அளவு, ஏறக்குறைய அவ்வளவுதான். 10 என்ற குறியீடு 25-ஐக் குறிக்கும், 11 என்பது 30-ஐ. இருட்டில் இடைவெளி வெறும் 5. வெளிச்சத்தின் உச்சியில் 254 என்பது 16,129, 255 என்பது 16,256. அங்கே இடைவெளி 127. பார்த்தால் பகீர் என்றுதான் இருக்கும்.

ஆனால் ஒளியே மழைத்துளி மாதிரி சிதறி விழுகிற ஒன்று. ஒரு பிக்ஸலில் சராசரியாக 100 ஃபோட்டான் விழும் என்றால், ஒவ்வொரு முறையும் பத்து கூடக் குறைய இருக்கும். 10,000 விழும் இடத்தில் நூறு கூடக் குறைய. தடுமாற்றம் வர்க்கமூலத்தின் கணக்கில் வளர்கிறது. அட்டவணையின் இடைவெளியும் அதே கணக்கில் வளர்கிறது. வெளிச்சமான இடத்தில் எண் தானாகவே இத்தனை ஆடும்போது, அங்கே நுணுக்கமாக அளந்து சேமிப்பதில் என்ன லாபம்? சந்தையில் அரிசி மூட்டையை நகைக்கடைத் தராசில் நிறுக்கிற கதைதான். மிகக் குறைந்த ஐஎஸ்ஓவான 160-இல், மேகமற்ற வானத்தை எடுத்து, வளைகோட்டைக் கண்டபடி இழுத்தால் படிகள் கொஞ்சம் தெரியலாம். அதை மறுக்கவில்லை. கேமராவின் சர்வீஸ் பயன்முறை வழியாக முழு 14 பிட் தரவையும் எடுக்க ஒரு வழி இருப்பதை ஆர்வலர்கள் பிறகு கண்டுபிடித்தார்கள். நானும் செய்து பார்த்தேன். பெரும்பாலான படங்களில் வித்தியாசத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் எட்டைவிடப் பதினான்கு பெரிது என்பதைப் புரிந்துகொள்ளப் படமே பார்க்க வேண்டாம் பாருங்க. அதனால்தான் அந்தக் குறை அவ்வளவு வேகமாகப் பரவியது. 2009-இல் வந்த எம்9-இல், சுருக்காத டிஎன்ஜி என்று ஒரு தேர்வையும் மெனுவில் சேர்த்துவிட்டார்கள்.

இப்போது கூர்மைக்கு வருவோம். அது ஏன் அபாரம் என்பதில்தான் மீதிக் கதையும் இருக்கிறது.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேலே தனி ஜன்னல். அதில் தெரியும் இரண்டு பிம்பங்கள் ஒன்றாகும்வரை லென்ஸைத் திருப்பினால் ஃபோகஸ். நடுவில் எழுந்து விழும் கண்ணாடி கிடையாது. ஆகவே லென்ஸின் பின்முனை ஃபிலிமுக்கு மிக நெருக்கமாக இருக்கலாம். லைக்காவின் எம் லென்ஸ்கள், குறிப்பாக அகலக்கோண லென்ஸ்கள், 1954 முதல் இந்த வசதியில் வளர்ந்தவை. ஃபிலிமுக்கு இதில் சிக்கல் இல்லை, ஒளி எந்தச் சாய்வில் வந்தாலும் வாங்கிக்கொள்ளும். சென்சார் அப்படியில்லை. ஓரங்களில் ஒளி மிகச் சாய்ந்து வரும்போது, சென்சாரின் மேல் இருக்கும் கண்ணாடியைக் குறுக்காகக் கடந்துதான் பிக்ஸலை அடைய வேண்டும். கண்ணாடி எவ்வளவு தடிப்போ அவ்வளவு குழப்பம், ஓரங்கள் கலங்கும்.

அதனால் எம்8-இல் அந்தக் கண்ணாடியை அரை மில்லிமீட்டராக மெலித்தார்கள். நுண்கோடுகளை மழுக்குகிற வடிகட்டியையும் எடுத்துவிட்டார்கள். ஓரப் பிக்ஸல்களின் நுண்லென்ஸ்களைச் சற்று நகர்த்தி வைத்தார்கள். விளைவு, நான் 100 சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்து வாய்பிளந்த செங்கல் சுவர்கள். மூலையில் இருந்த செங்கலின் பிசிறு வரை தெரிந்தது.

ஆனால் அந்தக் கண்ணாடிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அகச்சிவப்புக் கதிரைத் தடுப்பது. மெலிந்த கண்ணாடி அதை முழுதாகச் செய்யவில்லை.

இதில் ஒரு அழகான, கொடுமையான இயற்பியல் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாக வாங்க. சென்சாரில் ஒவ்வொரு பிக்ஸல் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என ஏதோ ஒரு சாயம் பூசியிருக்கும். நம் கண்ணுக்கு இவை மூன்று நிறம். அகச்சிவப்புக்கு மூன்றுமே ஏறக்குறைய வெறும் கண்ணாடி. ஆகவே உள்ளே வந்த அகச்சிவப்பு மூன்று நிறத்திலும் கிட்டத்தட்ட சமமாகச் சேர்கிறது. சமமாகச் சேர்ந்தால் சாம்பல்தானே வர வேண்டும்? இல்லை. சென்சார் பச்சையை நன்றாக உணரும், சிவப்பையும் நீலத்தையும் குறைவாக. அதைச் சரிக்கட்ட, வெள்ளைச் சமன் செய்யும்போது அந்த இரண்டையும் பெருக்குவார்கள். சமமாக வந்த அகச்சிவப்பில் சிவப்பும் நீலமும் பெருக, பச்சை மட்டும் அப்படியே நிற்கிறது. கிடைப்பது மெஜந்தா.

வெள்ளைச் சட்டையில் இது தெரியாது. அங்கே கண்ணுக்குத் தெரிகிற ஒளியே வெள்ளமாக இருக்கும். கறுப்பில்தான் தெரியும், அதிலும் செயற்கை இழைத் துணிகளில். நைலான், பாலியெஸ்டர் மாதிரியான பல கறுப்புத் துணிகள் நம் கண்ணுக்குத் தெரிகிற ஒளியை விழுங்கிவிட்டு, அகச்சிவப்பைத் தாராளமாகத் திருப்பி அனுப்புகின்றன. மஞ்சள் பல்பின் கீழே இன்னும் மோசம், அந்த பல்பே பெரும்பகுதி அகச்சிவப்பைத்தான் உமிழ்கிறது. கறுப்புக் கோட்டு கத்திரிப்பூ நிறத்தில் வரும்.

சரி, ரா கோப்புதானே, மென்பொருளில் திருத்திக்கொள்ளலாமே? முடியாது. நிஜமான கத்திரிப்பூப் பட்டும் கறுப்பு நைலானும் கோப்புக்குள் ஒரே மூன்று எண்களாக உட்கார்ந்திருக்கும்போது, எது எது என்று எந்த மென்பொருள் பிரிக்கும்? அந்த வித்தியாசம் தொலைந்தது கண்ணாடியைக் கடக்கும்போது, கோப்பு உருவாவதற்கு முன்னால். பதினான்கு பிட் என்ன, நாற்பது பிட் இருந்தாலும் இதற்கு உதவாது.

நிறுவனம் கடைசியில் எம்8 வாங்கிய ஒவ்வொருவருக்கும் லென்ஸின் முன்னால் மாட்ட இரண்டு அகச்சிவப்பு வடிகட்டிகளை இலவசமாகத் தந்தது. அந்த வடிகட்டி கறுப்பைக் காப்பாற்றியது. ஆனால் அகலக்கோண லென்ஸில் சாய்ந்து வரும் ஒளியிடம் அது வேறு மாதிரி நடந்துகொள்ளும். படத்தின் மூலைகள் நீலப்பச்சையாகத் திரும்பின. அதற்கு இன்னொரு வைத்தியம்: லென்ஸின் அடிவளையத்தில் ஆறு பிட் குறியீடு, அதைப் படித்து எந்த லென்ஸ் என்று கேமரா தெரிந்துகொள்ளும், மூலைகளைத் திருத்திவிட்டுத்தான் கோப்பை எழுதும். ரா கோப்பையே. நான் கலப்படமில்லாத உண்மை என்று நினைத்துத் திறந்த பொருளில், ஏற்கெனவே ஒரு கை உப்புப் போட்டுக் கிளறியாகிவிட்டது. தவறென்று சொல்லவில்லை, வேறு வழியும் இருக்கவில்லை. பச்சை என்று நினைத்தது அரைவேக்காடு என்பது தெரிந்திருந்தால் போதும். நாம் திரையில் பார்ப்பதோ அதற்கும் அடுத்த சமையல். கேமராவோடு வந்த கேப்சர் ஒன்னில் ஒரு முகமும், அடோபி மென்பொருளில் அதே கோப்பு இன்னொரு முகமும் காட்டும். தோல் நிறம் எதில் நன்றாக இருக்கிறது என்று நாங்கள் இரவெல்லாம் வாதாடியது எந்தச் சமையல்காரர் என்பதைப் பற்றித்தான். கேமராவைப் பற்றி என்று நினைத்துக்கொண்டோம்.

நான் இறக்கிய கோப்புகளில் ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. ஒரு உணவகத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர், அடர் கத்திரிப்பூ நிறத்தில் கோட்டு. ஐரோப்பாவில் இப்படியெல்லாம் கோட்டு போடுவார்கள் போல, என்று நினைத்துக்கொண்டு அவருடைய கண்ணிமையைப் பெரிதாக்கிப் பார்க்கப் போய்விட்டேன். கூர்மை அபாரம். கோட்டின் நிறம் என்ன என்ற கேள்வியே எனக்கு எழவில்லை. எழுந்திருந்தாலும் பதில் கோப்பில் இல்லை, அந்த உணவகத்தில் இருந்தது. கேமரா விமர்சனங்கள் மேல் எனக்கு இன்றுவரை இருக்கும் புகார் இதுதான். கோப்பு எதைச் சுலபமாக அளக்கத் தருகிறதோ அதை அளப்பார்கள், மூலைக் கூர்மை, பிட் கணக்கு, இரைச்சல். எதிரில் நின்றது என்ன நிறம் என்று கேட்க ஒருவர் அங்கே நின்றிருக்க வேண்டும், நின்றதை நினைவும் வைத்திருக்க வேண்டும். படம் எடுத்தவர்களிடம் அது இருந்தது. அவர்களிலும் சிலர் திரையைத்தான் நம்பினார்கள்.

இதன் எதிர்ப்பக்க வேடிக்கை இப்போது நடக்கிறது. எம்9-க்குப் பிறகு வந்த எம் 240-இல் சென்சார் சிசிடியிலிருந்து சிமாஸுக்கு மாறியது. உடனே பழைய சிசிடியின் நிறத்துக்கு ஒரு புராணம் பிறந்தது. ஃபிலிம் மாதிரி இருக்குமாம், அதில் உயிர் இருக்குமாம். பழைய சிசிடி கேமராக்களைத் தேடித்தேடி வாங்குகிறார்கள். எனக்கும் எம்9-இன் சில படங்கள் ரொம்பப் பிடிக்கும். ஆனால் சிசிடியும் சிமாஸும் ஒளியைப் பிடிப்பது ஒரே சிலிக்கனில்தான். எண்ணி வெளியே எடுக்கும் முறை வேறு. நிறத்தைத் தீர்மானிப்பது மேலே பூசிய சாயமும், அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடியும், மென்பொருளில் எழுதிய நிற விவரமும். எம்9-இல் அந்தக் கண்ணாடியையும் கொஞ்சம் தடித்ததாக மாற்றியிருந்தார்கள். புகழ் மட்டும் சிசிடிக்குப் போய்விட்டது.

பத்து வருடங்கள் கழித்துப் பழைய எம்8 ஒன்றை வாங்கினேன். பாதி ஆசை, பாதி பிராயச்சித்தம். வடிகட்டி இன்னும் வாங்கவில்லை. ஊருக்குப் போயிருந்தபோது மழை, அப்பா வெளியே போய்விட்டு வந்து, திண்ணையில் மஞ்சள் பல்பின் கீழே குடையை உதறி மடக்கிக்கொண்டு நின்றார். எடுத்தேன். லேப்டாப்பில் போட்டுச் சமைத்தேன், தோல் நிறம் நன்றாக வந்தது, நெற்றியில் இருந்த ஈரம்கூடத் தெரிந்தது. எனக்குத் தெரியாத விஷயமா, குடை கத்திரிப்பூவாகத்தான் வந்திருந்தது. அதுவும் பார்க்க ஒரு மாதிரி அழகாக இருந்ததால் அப்படியே பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"யார் குடைடா இது?"

"உங்களோடதுதான்ப்பா."

"என் குடை கறுப்பு" என்றார். எழுந்து போய் மூலையில் சாய்த்திருந்ததை எடுத்துவந்து படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.