கொஞ்சம் பிந்தி விழும் ஸ்நேர்

வீட்டுக் கணினியில் பாட்டு ரெக்கார்ட் செய்பவருக்குப் பாட ஆள் கிடைக்கும், கிட்டார் வாசிக்க ஆள் கிடைக்கும். டிரம்ஸ்தான் இடிக்கும். வாசிப்பவர் தயாராக இருந்தாலும் அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டார் தயாராக இருக்க வேண்டுமே! அதனால் கடைசியில் எல்லோரும் இலவச டிரம் மென்பொருள் தேடித்தான் இறங்குகிறோம். கிடைப்பவற்றில் பாதி ஒரே ரகம். சில ஜிபி இறக்கு, மின்னஞ்சல் கொடு, உரிமத்தைச் சரிபார்க்க இன்னொரு மென்பொருளை நிறுவு. எல்லாம் முடித்துத் திறந்தால் பளபளவென்று ஒரு டிரம் செட்டின் படம் வந்து நிற்கும். அந்தப் படத்தின் மேல் எனக்குத் தீராத எரிச்சல். சிம்பலில் விளக்கொளி மின்னினால் பாட்டு நன்றாகிவிடுமா? திரையில் முக்கால்வாசியை அது பிடித்துக்கொள்ள, நமக்கு வேண்டிய குமிழ்கள் ஓரத்தில் பொடி எழுத்தில் கிடக்கும்.

ஹைட்ரஜன் என்ற இலவச டிரம் மென்பொருளில் படமே இல்லை. சாம்பல் நிறப் பெட்டி, அதில் கட்டம், அவ்வளவுதான். லினக்ஸ்காரர்களுக்கு இது பழைய சினேகிதம். அலெஸாண்ட்ரோ கொமினு தொடங்கி வைத்ததைத் தன்னார்வலர்கள் இன்றுவரை வளர்த்து வருகிறார்கள். விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். திறந்த மூலம் என்பதால் கணக்கு, கெடு எதுவும் இல்லை. இடப்பக்கம் கிக், ஸ்நேர், ஹை-ஹேட் என்று பெயர்கள். வலப்பக்கக் கட்டங்களில் எங்கே அடி விழ வேண்டுமோ அங்கே சொடுக்கினால் ஒரு புள்ளி. பேட்டர்ன்களை வரிசையாக அடுக்கினால் பாட்டு. இதைக் கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும்.

சில வாரங்கள் புழங்கிய பிறகு என்னைக் கட்டிப்போட்டது அந்தக் கட்டத்துக்குக் கீழே இருக்கும் பட்டைதான். ஒவ்வொரு அடிக்கும் அதில் ஒரு கோடு. உயர்த்தினால் ஓங்கி அடிக்கும், தாழ்த்தினால் தட்டும். இது எல்லா மென்பொருளிலும் உண்டு. ஆனால் அதே பட்டையை வேறு குணங்களுக்கும் மாற்றலாம். அவற்றில் ஒன்று லீட்-லேக். ஓர் அடி கட்டத்தின் கோட்டில் சரியாக விழாமல் மயிரிழை முந்தியோ பிந்தியோ விழச் செய்வது அதன் வேலை.

இரண்டாவது, நான்காவது எண்ணிக்கையில் வரும் ஸ்நேரை மட்டும் கொஞ்சம் பிந்த வைத்துப் பாருங்கள். வேகம் மாறவில்லை, ஒலி மாறவில்லை, ஆனால் பாட்டு சாய்ந்து உட்கார்ந்துகொள்ளும். அதே ஸ்நேரை முந்தவிட்டால் பாடகரைப் பின்னாலிருந்து தள்ளுவது போலிருக்கும். காதல் பாட்டுக்கு முதலாவது, கோபமான பாட்டுக்கு இரண்டாவது. காசு கொடுத்து வாங்கிய பல ஜிபி ஒலிக்கோப்புகளை நேர்கோட்டில் அடுக்கி வைத்து, “என்னவோ மிஷின் மாதிரியே இருக்கிறது” என்று புலம்புகிறவர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். அவர்கள் ஒலியை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்; கோளாறு இருப்பது நேரத்தில்.

இதற்குக் குறுக்குவழியும் ஹைட்ரஜனிலேயே இருக்கிறது. மிக்ஸரில் ஹியூமனைஸ் என்ற பெயரில் குமிழ்கள்: ஒன்று அடியின் பலத்தைக் குலைக்கும், ஒன்று நேரத்தைக் குலைக்கும், பக்கத்திலேயே ஸ்விங்குக்கு ஒன்று. முதல் இரண்டையும் நான் தொடுவதே குறைவு. அவை குலைப்பது பகடை உருட்டி. நல்ல டிரம்மர் பகடை உருட்டுவதில்லை. அவருடைய வலக்கை ஹை-ஹேட்டில் ஒன்றை அழுத்தி அடுத்ததை விட்டுப்பிடிக்கும். அந்த மேடுபள்ளம் ஒவ்வொரு சுற்றிலும் கிட்டத்தட்ட அதே இடத்தில் வரும். அது பிழையல்ல, பழக்கம். அதைக் கையால் வரையத்தான் வேண்டும். ஸ்விங் குமிழ் வேறு சாதி. அது அடிகளை ஒழுங்காகவே தள்ளுகிறது. நிஜ டிரம் ஒலிகளைப் பதிவுசெய்து வைத்து ஒலித்த முதல் இயந்திரமான எல்எம்-1-ஐ 1980-ல் ரோஜர் லின் கொண்டுவந்தபோதே இந்த ஸ்விங் அதில் இருந்தது.

பேட்டர்னின் நீளத்தை நம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம் என்பது நம்மூர்க்காரருக்கு இன்னொரு லாபம். நாலுக்கு நாலு என்ற சட்டத்துக்குள் சிக்கிக்கொண்ட இலவச மென்பொருள்கள் எத்தனையோ! இங்கே 7/8 என்று எழுதினால் ஏழு கட்டம். முதலாவதிலும் நான்காவதிலும் கிக்கை வைத்தால் தகிட தகதிமி, மிஸ்ர சாபு தயார். கட்டத்தை மும்மூன்றாகப் பிரிக்கவும் வசதி உண்டு; திஸ்ர நடையில் போகும் குத்துப்பாட்டுக்கு அது இல்லாமல் முடியாது.

கூட வரும் ராக் கிட் சுமார். ஸ்நேர் நன்று, சிம்பல்கள் தகரம். டிஆர்-808 டிரம் மெஷினின் நகலும் உண்டு, அதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் சீக்கிரமே சொந்தக் கிட்டுக்குப் போய்விட்டேன். நண்பர் ஒருவரின் பறையை மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று அடிக்கவைத்துப் பதிவுசெய்து, மூன்றையும் ஒரே கருவியின் மூன்று லேயர்களாக ஏற்றினேன். எந்த பலத்திலிருந்து எந்த பலம்வரை எந்த லேயர் ஒலிக்க வேண்டும் என்று எல்லை போட்டுவிட்டால், கீழே கோட்டை உயர்த்த உயர்த்த நிஜமாகவே வேறு அடி கேட்கும். வெறுமனே சத்தத்தைக் கூட்டுவதல்ல இது. ஓங்கி அடித்த தோலின் குரலே வேறு. காசு கேட்கும் டிரம் மென்பொருள்களில் பலவும் உள்ளே செய்வது இதே வேலைதான், ஒரு கருவிக்கு ஏராளமான பதிவுகளோடு.

இனி குறை. ஹைட்ரஜன் தனியாக ஓடும் மென்பொருள். பிளக்-இன் ஆக வேறொன்றுக்குள் உட்காராது. லினக்ஸில் ஜாக் என்ற ஒலி இணைப்பு வழியாக ஆர்டோர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளோடு கைகோத்துக்கொள்ளும், ஒன்றை ஓட்டினால் மற்றதும் ஓடும். விண்டோஸில் ரீப்பரோ ஆடாசிட்டியோ வைத்திருப்பவருக்கு எளிய வழி ஏற்றுமதிதான். ஒவ்வொரு கருவியையும் தனித்தனி வேவ் கோப்பாக எடுத்துத் தரும் வசதி இருப்பதால் மிக்ஸ் செய்யும்போது சிரமமில்லை. கிக்குக்குத் தனி ஈக்யூ, ஸ்நேருக்குத் தனி ரிவெர்ப் என்று விளையாடலாம். தயார்நிலையில் நூறு தாளங்கள் வேண்டும், இழுத்துப் போட்டால் போதும் என்பவர்கள் எம்டி பவர் டிரம் கிட்டைப் பார்க்கலாம்; அதுவும் இலவசம், அது பிளக்-இன், கூடவே தாள நூலகமும் வரும்.

ஏற்றுமதி செய்துவிட்டால் வேகம் அந்தக் கோப்புகளில் உறைந்துவிடும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். 92-ல் எடுத்ததை 96 ஆக்க வேண்டுமானால் ஹைட்ரஜனுக்குத் திரும்பி, மாற்றி, எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டும். அதற்குள் பதிவான கிட்டாரும் வீண். “கொஞ்சம் வேகமாகப் போகலாமா?” என்று பாடகர் கேட்பது நிச்சயம். அதை முந்தின நாளே கேட்கச் சொல்லிவிடுங்கள்.