பிழைகளை வாசித்தல்: மினா ஷாக்னெஸியின் நூல் பற்றி ஒரு மதிப்பீடு

கல்லூரியில் சேரும் மாணாக்கர் முதலாண்டில் கற்க வேண்டியவற்றுள் மிகக் கடினமானது, கல்லூரி எதிர்பார்க்கும் முறையில் ஒரு கட்டுரை எழுதுவதேயாகும். அதனைக் கற்பிப்பது பற்றி ஆங்கிலத்தில் வெளிவந்துள்ள நூல்களுள், அமெரிக்கப் பேராசிரியை மினா ஷாக்னெஸி 1977-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் தனியிடம் பெற்றது. ‘பிழைகளும் எதிர்பார்ப்புகளும்’ என்பது அதன் தலைப்பின் பொருள். ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி பற்றிய நூலுக்கு ஓர் இறையியல் ஏட்டில் என்ன இடம் என்று வாசகர் வினவலாம். ஒருவருடைய எழுத்தில் காணும் பிழைகளைக் கொண்டு அவருடைய அறிவையே அளந்துவிடலாமா என்னும் வினா அந்நூலின் மையத்தில் நிற்கிறது. மாணாக்கரின் கட்டுரைகளைத் திருத்துவோரும், திருப்பணிக்குத் தகுதியுடையார் யாவர் எனத் தேர்ந்தெடுப்போரும் இவ்வினாவைக் கடந்து செல்ல இயலாது.

நூல் தோன்றிய சூழலை முதலில் நோக்குவோம். நியூயார்க் நகரின் சிட்டி கல்லூரி, கட்டணமின்றிக் கல்வி வழங்கும் நோக்குடன் 1847-இல் நிறுவப்பட்டது. 1969 ஏப்ரலில் கறுப்பின மாணவரும் போர்ட்டோ ரிக்கோ மாணவரும் அக்கல்லூரி வளாகத்தின் ஒரு பகுதியைக் கைப்பற்றிப் போராடினர். நகரப் பள்ளிகளில் பயிலும் தம் மக்களின் தொகைக்கேற்பக் கல்லூரியிலும் இடம் வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. அதன் விளைவாக 1970 முதல், நகரில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த எவருக்கும் நகரப் பல்கலைக்கழகக் கல்லூரிகளுள் ஏதேனும் ஒன்றில் இடமளிக்கப்பட்டது. புதிதாக வந்தோர் எழுதிய தேர்வுக் கட்டுரைகளைக் கண்ட ஆசிரியர் பலர் திகைத்தனர். இவர்களுக்குக் கற்பித்தல் இயலாதென்று சொன்னவர்களும் உண்டு. ஷாக்னெஸியோ 1970-க்கும் 1974-க்கும் இடையில் எழுதப்பட்ட ஏறத்தாழ 4,000 கட்டுரைகளைத் தம் முன் வைத்துக்கொண்டு வாசிக்கலானார். அவ்வாசிப்பின் பயனே இந்நூல்.

அவர் கண்டது யாது? பிழைகள் மனம்போன போக்கில் நிகழ்வன அல்ல. அவற்றுக்கு ஒரு நியாயம் உண்டு என்பதே. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லின் இறுதியில் வந்து பன்மையைக் காட்டும் ‘எஸ்’ என்னும் அதே எழுத்து, நிகழ்கால வினைச்சொல்லின் இறுதியில் ஒருமையைக் காட்டுகிறது. இவ்விடத்தில் தடுமாறுபவர் அறிவிலர் அல்லர். மொழியில் ஓர் ஒழுங்கு இருக்கும் என நம்பியவரே இங்குத் தடுமாறுவார். மேலும், அம்மாணாக்கர் எழுதிப் பழகியதே மிகக் குறைவு. வசதியுள்ள பள்ளிகளில் பயின்ற அமெரிக்க மாணவர் ஒரு வாரத்தில் எழுதக்கூடிய 350 சொற்களை, இவர்கள் ஒரு பருவம் முழுவதிலுமே எழுதியிருப்பர் என ஷாக்னெஸி கணக்கிடுகிறார். ஆற்றல் இன்மையும் பயிற்சி இன்மையும் ஒன்றல்ல என்பதை இக்கணக்கு தெளிவுறுத்துகிறது.

இம்முறை இறையியல் பயில்வோர்க்குப் புதியதன்று. திருவெளிப்பாட்டின் கிரேக்க நடையை நினைவுகூர்வோம். முதல் அதிகாரத்தின் நான்காம் வசனத்தில், வேற்றுமை வடிவம் வர வேண்டிய இடத்தில் எழுவாய் வடிவம் நிற்கிறது. அந்நூலின் கிரேக்கம் செம்மையானதன்று என மூன்றாம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் ஆயர் தியொனீசியு சுட்டிக்காட்டினார். ஆயினும் நாம் யோவானைத் தேர்வில் தவறியவராகக் கருதுவதில்லை. ஆர். எச். சார்ல்ஸ் 1920-இல் வெளியிட்ட தம் விளக்கவுரையில் அந்நூலுக்கெனத் தனி இலக்கணமே வகுத்தார். ஆசிரியர் கிரேக்கத்தில் எழுதினாலும் எபிரேயத்தில் சிந்திக்கிறார் என விளக்கினார். கடவுளின் திருப்பெயர் வேற்றுமை ஏற்று மாறலாகாது என்னும் கருத்தினாலேயே நான்காம் வசனம் அவ்வாறு அமைந்தது என்பாரும் உளர். திருமறையாசிரியரின் பிழைக்கு முன் நின்று ‘ஏன்’ என வினவும் நாமே, மாணாக்கரின் பிழையைக் கண்டதும் சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த வரிக்குச் செல்கிறோம். திருமறைக்கு நாம் அளிக்கும் அதிகாரத்தை மாணாக்கரின் கட்டுரைக்கு அளிக்க வேண்டும் என்பதன்று நம் கருத்து. விளக்கவுரையாளரின் பொறுமையை அதற்கும் அளிக்க வேண்டும் என்பதே.

அப்பொறுமை இல்லாவிடத்து நேர்வதை நியாயாதிபதிகள் 12-ஆம் அதிகாரம் காட்டுகிறது. யோர்தான் துறையில் ‘ஷிபோலேத்’ என்று சொல்ல இயலாது ‘சிபோலேத்’ என்ற எப்பிராயீமர் வெட்டுண்டனர். அப்போரில் மடிந்தோர் 42,000 பேர் என்கிறது வேதம். ஓர் எழுத்தின் ஒலி, உயிருக்கும் சாவுக்கும் இடையே எல்லையாயிற்று. அங்கே கேட்கப்பட்டது சொல்லின் பொருளன்று. சொன்னவர் எந்தக் குலத்தவர் என்பதே. நுழைவுத் தேர்வுக் கட்டுரையும் சில வேளைகளில் அத்தகைய துறையாகிவிடக் காண்கிறோம்.

ஷாக்னெஸி 1975 டிசம்பரில் நிகழ்த்தி அடுத்த ஆண்டு அச்சேற்றிய ஓர் உரையும் நம் கவனத்துக்குரியது. அதில் இத்தகைய மாணாக்கரைச் சந்திக்கும் ஆசிரியர் கடந்துசெல்லும் நான்கு நிலைகளை அவர் வரிசைப்படுத்துகிறார். முதல் நிலையில் ஆசிரியர் கோபுரத்தைக் காவல்செய்கிறார். இரண்டாம் நிலையில் பூர்வ குடிகளை மனந்திருப்பும் மிஷனெரியாகிறார். மாணாக்கரை வெறும் பாத்திரமாகவும் தம்மை உண்மையின் உரிமையாளராகவும் எண்ணுகிறார். மூன்றாம் நிலையில் மாணாக்கரையும் தம்மையும் ஒருசேர ஆராயத் தொடங்குகிறார். நான்காம் நிலையில் தாமே ஆழத்தில் இறங்கி மாணாக்கரிடமிருந்து கற்கிறார். மிஷனெரி உருவகம் நம்மை உறுத்தினால் அது நன்றே. தாம் சென்ற மக்களின் மொழியை ஆண்டுக்கணக்கில் அமர்ந்து கற்ற மிஷனெரிகளும் உண்டு என நாம் மறுமொழி கூறலாம். அம்மறுமொழி நான்காம் நிலையையே உறுதிப்படுத்துகிறது.

எனினும் இந்நூலை முழுமையாக ஏற்றுக்கொள்ள நம்மால் இயலவில்லை. கையெழுத்து, நிறுத்தக்குறி, சொற்றொடர், பொதுப் பிழைகள், எழுத்துக்கூட்டல், சொல்வளம் என நூலின் பெரும்பகுதி சொற்றொடரின் எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அதற்கு அப்பாற்பட்ட கருத்தின் வளர்ச்சிக்கு ஒதுக்கப்பட்டது ஓர் அதிகாரமே. சிந்தனை முதிரும்போது தானே திருந்தும் பிழைகள் பல உள. இவ்வகுப்பு முறையைப் பின்பற்றும் ஆசிரியர், மாணாக்கரை நெடுங்காலம் வாயிற்படியிலேயே நிறுத்திவைக்கக்கூடும்.

இதனினும் ஆழமான மறுப்பை 1991-இல் மின்-ஜான் லூ எழுப்பினார். மொழி என்பது கருத்துக்கு மேல் அணியும் ஆடை போன்றது, கல்லூரி நடையைக் கற்றபின்னும் மாணாக்கரின் கருத்து மாறாதிருக்கும் என ஷாக்னெஸி கொண்டதே தவறு என்பது அவர் வாதம். சீனாவில் வளர்ந்து, வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் ஒரு மொழியுமாகப் போராடிக் கற்றவர் லூ. புதிய நடையைக் கற்கும்போது உள்ளத்தில் மோதல் எழுகிறது. அம்மோதலே எழுத்துக்கு ஊற்றாகலாம் என்கிறார் அவர். ஷாக்னெஸி மாணாக்கரின் இருமனத்தை அறியாதவர் அல்லர். ஆனால் அதனை நல்ல கற்பித்தலால் தீர்ந்துவிடும் தயக்கமாகவே கண்டார். இவ்விடத்தில் லூவின் பக்கமே நியாயம் மிகுதி என்பது நம் கணிப்பு.

இவ்விருவரும் நம் இறையியல் வகுப்பறைக்கு உரைப்பது என்ன? நம்மிடம் வரும் மாணாக்கர் பலர், சபையில் சாட்சி கூறியும் பிரசங்கித்தும் பழகிய நாவினர். கட்டுரையில் அவர்கள் ஒரு வசனத்தை எடுத்துக்காட்டி, அத்துடன் வாதம் முடிந்ததெனக் கருதுகின்றனர். ‘தர்க்கம் இல்லை’ என ஓரத்தில் எழுதிவிடுவது எளிது. ஷாக்னெஸியின் வழியில் நோக்கினால், அங்கே தர்க்கம் உண்டு. ஆனால் அது பிரசங்க பீடத்தின் தர்க்கம். வசனத்தின் அதிகாரத்தைச் சபையார் முன்னரே ஏற்றிருப்பதால் அங்கு அதற்குமேல் நிறுவ வேண்டியதில்லை. கட்டுரையின் வாசகரோ, அவ்வசனத்துக்கு வேறு பொருள் கூறுவோரையும் மனத்தில் வைத்து வினவுபவர். இவ்வேற்றுமையை வெளிப்படையாகச் சொல்லிக் கொடுத்தாலன்றி மாணாக்கர் அதனை ஊகித்தறிய இயலாது. லூவின் வழியில் நோக்கினாலோ இன்னொரு கேள்வி எழுகிறது. கட்டுரை நடையைக் கற்றபின், தாம் எங்கிருந்து, யாருடைய துன்பத்தின் நடுவிலிருந்து பேசுகிறோம் என்பதைச் சொல்லிய சாட்சியின் குரலை அம்மாணாக்கர் இழந்துவிடுகின்றாரா? இழந்தால் நட்டம் அவருக்கு மட்டுமன்று, இறையியலுக்கும் நட்டமே. ஆகவே மறுப்பை நேர்மையுடன் எடுத்துரைக்கவும் சான்றை எடைபோடவும் அவருக்குக் கற்பிக்கும் நாம், தம் மக்களின் நிலையிலிருந்து எழுதும் உரிமையையும் அவருக்கு விட்டுவைக்க வேண்டும்.

நியூயார்க்கில் திறந்த கதவு நெடுநாள் அகலத் திறந்திருக்கவில்லை. நிதி நெருக்கடியால் 1976-இல் அப்பல்கலைக்கழகத்தில் கட்டணம் விதிக்கப்பட்டது. ஷாக்னெஸி 1978-இல் மறைந்தார். 1999-இல் எடுக்கப்பட்ட முடிவின்படி, நான்காண்டுக் கல்லூரிகளிலிருந்து அடிப்படைப் பயிற்சி வகுப்புகளே விலக்கப்பட்டன. இவ்வரலாறு நமக்கும் எச்சரிக்கையாகும். தலைமுறையில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறும் மாணாக்கரைச் சேர்த்துக்கொள்வதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அவருடைய எழுத்தை வாசிக்க நேரமும் ஆளும் ஒதுக்காத கல்லூரி, சேர்க்கையில் திறந்த கதவை மதிப்பெண் பட்டியலில் மூடிவிடுகிறது. முதலாண்டுக் கட்டுரைகளைத் திருத்தும் பொறுப்பைப் பணிச்சுமையுள்ள இளைய ஆசிரியரிடம் தள்ளிவிடாமல், மூத்த பேராசிரியர்களும் ஏற்று, முதல் வாசிப்பைப் பேனாவின்றிச் செய்வார்களாயின், இந்நூலால் நாம் பயனடைந்தோம் எனலாம்.