கடன் யாருக்கு?

புறநானூற்று 312ஆம் பாட்டை மேடையில் சொல்லாத தமிழாசிரியரை நான் பார்த்ததில்லை. பொன்முடியார் பாடியது. தாய், தகப்பன், கொல்லன், வேந்தன், இளைஞன் என்று ஆளுக்கொரு 'கடன்' அதில் உண்டு. விளக்கம் சொல்கிறவர்கள் 'கடமை' என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். என்னால் நகர முடியவில்லை. ஏன்னா எங்க தெருவில் இந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு சுத்தமான அர்த்தம் கிடையாது.

கடமை, முறைமை, இயல்பு, திருப்பித் தரவேண்டிய பொருள் எல்லாம் இந்த ஒரே சொல்லுக்குள் கிடக்கின்றன. வாங்கியதைக் கொடுத்தால் தீரும். பிறப்போடு வந்ததாகச் சொல்லப்படுவது எதைக் கொடுத்தாலும் தீராது. இரண்டையும் குழப்பி வைத்ததில் லாபம் யாருக்கு? பண்ணையில் ரெண்டு மரக்கால் நெல் வாங்கியவன் உழைப்பது நெல்லுக்கா, பிறந்ததுக்கா? கேட்டால், "ஒங்கப்பன் செஞ்சான், நீயும் செய்" என்பதுதான் பதில். இழவு சொல்லப் போவதும் செத்த மாட்டைத் தூக்குவதும் இந்தக் கணக்கில்தான் சேர்ந்தன.

பாட்டில் வேந்தனுக்கும் கடன் இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஊர்வழக்கில் மேலே இருப்பவனுடையது கழன்றுபோய், கீழே இருப்பவனுடையது மட்டும் நின்றுவிட்டது.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இந்தக் குழப்பத்தைப் புலவர்களைவிடத் தெளிவாகப் படித்திருக்கிறது. தானோ முன்னோரோ வாங்கிய முன்பணம், வழக்கத்தால் வந்த கட்டாயம், குறிப்பிட்ட சாதியில் பிறந்தது எல்லாவற்றையும் ஒரே வரையறைக்குள் வைத்து, அந்தக் கடனையே இல்லாமல் ஆக்குகிறது. ஆனாலும் செங்கல் சூளையில் அது இன்றும் 'அட்வான்ஸ்' என்ற பெயரில் குடும்பத்தோடு ஆளைப் பிடிக்கிறது.

'செஞ்சோற்றுக்கடன்' என்று கர்ணனைக் காட்டி உருகுகிறோம். சரி, அந்தச் சோத்துக்கு நாத்து நட்டது யாரு? அவளுக்குக் கடன்பட்டவன் எவன் என்று எந்தப் பட்டிமன்றம் கேட்டது?

எங்களிடம் இன்னொரு சொல் உண்டு: கைமாத்து. வட்டி இல்லை, பத்திரம் இல்லை. இன்னைக்கு நீ, நாளைக்கு நான். ஈ, தா, கொடு என்று கேட்கிறவரின் தரம் பார்த்துச் சொல்லைப் பிரித்தது தொல்காப்பியம். கைமாத்துக் கேட்கிறவளுக்கு அந்தத் தரம் தேவைப்படவில்லை. "ஒரு நூறு ரூவா இருந்தாத் தாடி" என்கிறாள், அவ்வளவுதான்.

நம் எழுத்தாளர்களும் 'சமூகத்துக்குப் பட்ட கடன்' என்று தாராளமாக எழுதுகிறார்கள். எழுதுமுன் ஒரு நிமிசம் நின்று, அது எந்தக் கடன், யார் எழுதிய கணக்கு என்று பார்க்கச் சொல்கிறேன்.