‘நாம்’ என்பதிலிருந்து ‘நாங்கள்’ என்பதற்கு: ஹிரோஷிமா அணு ஆயுத எதிர்ப்பின் கவிதைமொழி

ஆய்வுச் சுருக்கம்

1945 ஆகஸ்டு 6ஆம் நாள் அணுகுண்டுக்கு இலக்கான ஹிரோஷிமா, பின்னாளில் அணு ஆயுத எதிர்ப்பின் நடுவிடமாக விளங்கியது. பேரணி, கையொப்ப இயக்கம், மௌன அமர்வு ஆகிய அமைதிவழிப் போராட்டங்களுடன் அவ்வெதிர்ப்புக்கான கவிதைமொழியும் அங்கு வளர்ந்தது. தோகே சங்கிச்சி, குரிஹாரா சதாகோ ஆகிய இருவரின் கவிதைகளையும் அமைதிப் பூங்கா நினைவுக்கல்லின் வாசகத்தையும் தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் கூற்று, கேட்போர் என்னும் உறுப்புகளின் வழியும், தமிழ் இலக்கணத்தின் தன்மைப் பன்மை வேறுபாட்டின் வழியும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஹிரோஷிமா, அணு ஆயுத எதிர்ப்பு, கூற்று, கேட்போர், தன்மைப் பன்மை, குரிஹாரா சதாகோ, தோகே சங்கிச்சி.

முன்னுரை

ஹிரோஷிமாவில் 1945ஆம் ஆண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தனர் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. இப்பேரழிவைப் பற்றிய இலக்கியங்கள் பெரும்பாலும் துயர இலக்கியமாகவே வாசிக்கப்படுகின்றன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்குக் கூறும் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கு நிலைக்களன்களும் அவற்றில் உள்ளன. ஆயினும் எதிர்ப்புக் கவிதை அழுகையோடு நின்றுவிடுவதில்லை. ஒருவர் மற்றொருவரிடம் ஒன்றைக் கோருவது அதன் இயல்பு. எனவே எவ்வளவு துயரம் சொல்லப்பட்டது என்பதினும், யார் யாரிடம் எந்த உரிமையோடு சொல்கிறார் என்னும் வினாவே அத்தகைய கவிதையின் திறனாய்வில் முதன்மை பெறுகிறது.

உலகத்தார் அனைவரையும் ‘நாம்’ என ஒன்றாக்கும் குரலே அமைதி இயக்கத்தின் உயர்ந்த குரல் என்னும் கருத்து பரவலாக உள்ளது. அதற்கு மாறாக, ‘நாம்’ என்பதிலிருந்து ‘நாங்கள்’ என்பதற்குப் பின்வாங்கிய குரலே ஹிரோஷிமா எதிர்ப்புக் கவிதைக்கு அறவலிமை தந்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

ஆய்வு அணுகுமுறை

செய்யுளியல் வகுக்கும் உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் ஆகியவை அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. கேட்போரைச் செய்யுளுக்கு வெளியே நிற்கும் ஒருவராகக் கொள்ளாமல் செய்யுளின் உறுப்பாகவே கொண்ட இவ்விலக்கணப் பார்வை எதிர்ப்புக் கவிதைக்கு மிகப் பொருந்துவது.

தமிழின் தன்மைப் பன்மையில் முன்னிலையாரை உளப்படுத்தும் ‘நாம்’ என்பதும், அவரை விலக்கிச் சொல்லும் ‘நாங்கள்’ என்பதும் வேறுபட்டவை. ஜப்பானிய மொழியின் இயல்பான தன்மைப் பன்மைச் சொல்லில் இவ்வேறுபாடு இல்லை. வினைமுற்றில் இடம் காட்டும் விகுதியும் இல்லை. ஆதலின் ஜப்பானிய மூலத்தில் உள்ளுறைந்து நிற்கும் ஒரு தெரிவைத் தமிழில் வாசிப்பவர் வெளிப்படையாகச் செய்ய வேண்டியுள்ளது. இக்கட்டுரை ‘நாம்’, ‘நாங்கள்’ என்பவற்றை மூலத்தின் சொற்களாகக் கொள்ளாமல் வாசிப்புக் கருவிகளாகவே கையாளுகிறது.

தோகே சங்கிச்சி: தன்மை ஒருமையின் கோரிக்கை

1945 செப்டம்பரில் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் பத்திரிகை விதிகளை அறிவித்தது. குண்டின் விளைவுகளைப் பற்றிய எழுத்துகள் தணிக்கைக்கு உள்ளாயின. 1950 ஜூனில் கொரியப் போர் தொடங்கியபின் கெடுபிடிகள் மிகுந்தன. அவ்வாண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் நடைபெறவிருந்த அமைதி விழா கைவிடப்பட்டது, கூட்டங்கள் தடை செய்யப்பட்டன. தடையை மீறியவர்கள் நகரின் ஃபுகுயா பல்பொருள் அங்காடியின் மேல்தளங்களிலிருந்து துண்டறிக்கைகளைப் பறக்கவிட்டனர். அந்நாளின் தேதியையே தலைப்பாகக் கொண்ட தோகேயின் கவிதை இந்நிகழ்வைப் பாடுகிறது. ஐந்தாண்டுகளுக்கு முன் குண்டு விழுந்த வானிலிருந்து இப்போது தாள்கள் விழுகின்றன என்னும் எதிர்நிலை அக்கவிதையின் அமைப்பிலேயே உள்ளது. ஆயுதம் ஏந்தாத எதிர்ப்பின் களன், காலம் இரண்டையும் துல்லியமாகப் பதிவு செய்த ஆக்கம் அது.

கொரியப் போரில் அணுகுண்டைப் பயன்படுத்தும் வாய்ப்பு ஆராயப்படுவதாக அமெரிக்க அதிபர் ட்ரூமன் 1950 நவம்பர் 30 அன்று கூறினார். இச்சூழலில் 1951இல் கையச்சுப் படிகளாக வெளிவந்ததே தோகேயின் ‘அணுகுண்டுக் கவிதைகள்’. அதன் முகப்புக் கவிதை, இழந்த உறவுகளையும் தன்னையும் மாந்தர்க்குரிய அமைதியையும் திருப்பிக் கேட்கும் ஏவல் வினைகளால் ஆனது. பேசுபவர் தன்மை ஒருமையில் நிற்கிறார். மெய்ப்பாட்டு நோக்கில், இழவிலிருந்து பிறக்கும் அழுகை இங்குக் கொலையிலிருந்து பிறக்கும் வெகுளியாக மாறுகிறது.

இக்கவிதையில் கேட்போர் யார் என்பது சொல்லப்படவில்லை. ஏவல் வினை முன்னிலையை வேண்டுவது. ஆனால் அம்முன்னிலைக்குப் பெயர் இல்லை. தணிக்கைக் காலத்தில் இது தற்காப்பாகவும் இருந்திருக்கலாம். எவ்வாறாயினும், பெயரற்ற முன்னிலையால் கவிதை எவரிடமும் பேச வல்லதாயிற்று. எவரும் தம்மிடம் கேட்கப்படவில்லை எனக் கடந்து செல்லவும் அதுவே இடமளித்தது. தோகே 1953இல் மறைந்தார். 1963இல் அமைதிப் பூங்காவில் இக்கவிதை கல்லில் பொறிக்கப்பட்டது.

நினைவுக்கல் வாசகம்: தோன்றாத எழுவாய்

1952 ஆகஸ்டில் திறக்கப்பட்ட நினைவுச்சின்னத்தின் வாசகம், இறந்தோரை அமைதியாகத் துயிலுமாறு வேண்டி, தவறு மீண்டும் நிகழாது என உறுதி கூறும் பொருளுடையது. இதனை யாத்தவர் ஹிரோஷிமாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சைகா ததாயோஷி. இவ்வாக்கியத்தில் எழுவாய் இல்லை. தமிழில் தோன்றா எழுவாயை வினைமுற்று விகுதியால் உணரலாம். இங்கு அதற்கும் வழியில்லை.

அதே ஆண்டு நவம்பரில் ஹிரோஷிமாவுக்கு வந்த இந்திய நீதிபதி ராதாபினோத் பால் இவ்வாசகத்தைக் கடுமையாக வினவினார். டோக்கியோப் போர்க்குற்ற விசாரணையில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய அவர், குண்டை வீசியவர்கள் ஜப்பானியர் அல்லர் என்றிருக்க, தவறு யாருடையது எனக் கேட்டார். வாசகத்தின் எழுவாய் மனித இனம் முழுமையும் என்பது சைகாவின் விடை.

இவ்விவாதம் சொல்லாராய்ச்சி என ஒதுக்கத்தக்கதன்று. பால் ‘அவர்கள்’ என்னும் எழுவாயைத் தேடினார். சைகா ‘நாம்’ என்பதை முன்வைத்தார். சைகாவின் விடை பெருந்தன்மையுடையது என்பதில் ஐயமில்லை. எனினும் அதன் விளைவு நோக்கத்தக்கது. குண்டை வீச ஆணையிட்டவர், அதில் எரிந்தவர், ஜப்பானியப் படைகளால் அழிக்கப்பட்ட ஆசிய மக்கள் ஆகிய அனைவரும் ஒரே ‘நாம்’ என்பதற்குள் அடங்குகின்றனர். எல்லாரும் தவறு செய்தவர் என்னும்போது, யார் எதற்குப் பொறுப்பு என்னும் வினா மங்குகிறது. பாலின் வாசிப்போ அமெரிக்கப் பொறுப்பைச் சரியாகவே சுட்டினும், ஜப்பானின் போர்ப்பொறுப்பைக் கேட்க இடம் வைக்கவில்லை.

‘எந்த நாடு’: பிளவும் அமர்வும்

1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் கதிரியக்கச் சாம்பல், ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றின் 23 பேர் மீது படிந்தது. அவர்களுள் வானொலி இயக்குநர் செப்டம்பரில் உயிரிழந்தார். டோக்கியோவின் சுகினாமிப் பகுதியில் பெண்கள் முன்னின்று வளர்த்த கையொப்ப இயக்கம் நாடெங்கும் பரவி, 1955 ஆகஸ்டுக்குள் 3 கோடிக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டியது. அம்மாதமே ஹிரோஷிமாவில் முதல் உலக மாநாடு கூடியது.

இந்தப் பெரிய ‘நாம்’ பத்தாண்டுகள்கூட நிலைக்கவில்லை. 1961இல் சோவியத் ஒன்றியம் சோதனைகளை மீண்டும் தொடங்கியதும், எந்த நாட்டின் சோதனையையும் எதிர்ப்பதா, சோசலிச நாட்டின் சோதனையைத் தற்காப்பெனக் கொள்வதா என்னும் வினா எழுந்தது. 1963 மாநாட்டில் இயக்கம் பிளந்தது. 1965இல் தனி அமைப்பு தோன்றியது. பொதுவாக உரைக்கப்பட்ட எதிர்ப்பு வாக்கியத்தில் எழுவாய் குறிப்பாகக் கேட்கப்பட்டவுடன் அவ்வொற்றுமை குலைந்தது.

இப்பின்னணியில் மொரிதாகி இச்சிரோவின் மௌன அமர்வு தனித்த இடம் பெறுகிறது. குண்டால் வலக்கண்ணை இழந்த இத்தத்துவப் பேராசிரியர் 1962இல் நினைவுச்சின்னத்தின் முன் 12 நாள்கள் அமர்ந்தார். 1973 முதல் அணுச்சோதனை நிகழுந்தோறும், நடத்திய நாடு எதுவெனப் பாராமல், அவரும் உடன்வந்தோரும் அங்கு அமர்ந்தனர். பொருளணுவின் தொடர்வினையை மனித உள்ளங்களின் தொடர்வினை வெல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. இயக்கம் சொல்லால் தீர்க்க இயலாத ‘எந்த நாடு’ என்னும் வினாவுக்கு அவ்வமர்வு செயலால் விடையளித்தது எனலாம்.

குரிஹாரா சதாகோ: ‘நாங்கள்’ என்னும் பொறுப்பு

குரிஹாரா சதாகோ 1946இல் வெளியிட்ட புகழ்பெற்ற கவிதை, குண்டுவீச்சுக்குப் பின் இருண்ட நிலவறையொன்றில் நிகழும் மகப்பேற்றைப் பாடுவது. படுகாயமுற்ற மருத்துவச்சி ஒருத்தி தன் உயிரைக் கொடுத்துக் குழந்தையைப் பிறப்பிக்கிறாள். சுற்றியிருந்தோர் தம் வலியை மறக்கின்றனர். அங்குள்ள பன்மை முழுமையான ‘நாம்’.

கால் நூற்றாண்டுக்குப்பின், 1972இல், வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோது அதே கவிஞர் எழுதிய ‘ஹிரோஷிமா என்று சொல்லும்போது’ முற்றிலும் வேறான கூற்றமைப்பை உடையது. ஹிரோஷிமா என்னும் பெயரைச் சொன்னால் பரிவான மறுமொழி வருமா எனக் கவிதை கேட்கிறது. வருவனவோ பேர்ல் துறைமுகம், நான்ஜிங் படுகொலை, மணிலாவில் எரிக்கப்பட்ட பெண்டிரும் குழந்தைகளும் என்னும் எதிரொலிகள். பரிவான மறுமொழியைப் பெற வேண்டுமெனில் கைவிட வேண்டிய ஆயுதங்களைக் கைவிட வேண்டும். அயல்நாட்டுப் படைத்தளங்களை அகற்ற வேண்டும். கறைபடிந்த கைகளைத் தூய்மை செய்ய வேண்டும் என நிபந்தனைகள் அடுக்கப்படுகின்றன.

இங்குக் கேட்போர் பெயருடையவர், நினைவுடையவர், மறுக்கும் உரிமை உடையவர். தோகேயின் பெயரற்ற முன்னிலையும் நினைவுக்கல்லின் எல்லையற்ற எழுவாயும் தராத ஒன்றைக் குரிஹாரா கேட்போருக்கு வழங்குகிறார். 1894–95 சீன-ஜப்பானியப் போரில் பேரரசரின் தலைமைப் படையகம் இயங்கியதும், உஜினாத் துறைமுகம் வழியே படைகளை ஆசியாவுக்கு அனுப்பியதும் ஹிரோஷிமாவே. அந்நகரின் கவிஞர் ‘நாம்’ எனத் தொடங்கினால் ஆசியக் கேட்போரைக் கேளாமலேயே தம்முடன் சேர்த்துக்கொள்வதாகும். அவர் ‘நாங்கள்’ என நிற்கிறார். ‘நாம்’ என்பது இனிமேல் ஈட்ட வேண்டிய ஒன்றாகிறது.

இதற்கொரு மறுப்பு எழலாம். நான்ஜிங்கைச் சுட்டி ஹிரோஷிமாவை நியாயப்படுத்துவோர் உளர். குரிஹாரா அவர்களுக்குத் துணைபோகிறாரா என்பதே அது. கவிதை அவ்வாறு வாசிக்க இடந்தரவில்லை. குண்டு தகும் என அது எங்கும் கூறவில்லை. குண்டைப் பற்றிய முறையீடு ஏன் செவிமடுக்கப்படவில்லை என்றே வினவுகிறது. ஓர் அநீதி மற்றோர் அநீதிக்கு நியாயமாகாது. ஆயினும் தன் அநீதியை மறைப்பவரின் முறையீடு செவியேறாது. இவ்விரண்டையும் ஒருசேரப் பற்றி நிற்பதே கவிதையின் வலிமை.

கவிதையின் எல்லைகள்

ஹிரோஷிமாவில் இறந்தவர்களுள் காலனி ஆட்சியின்கீழ் அங்கு வந்த கொரியர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அவர்கள் ஜப்பானிய வன்முறைக்கும் அமெரிக்கக் குண்டுக்கும் ஒருங்கே ஆளானவர்கள். அவர்களுக்கான நினைவுச்சின்னம் 1970இல் அமைதிப் பூங்காவின் வெளியே எழுப்பப்பட்டு, 1999இல்தான் உள்ளே இடமாற்றப்பட்டது. குரிஹாராவின் ‘நாங்கள்’ என்பதிலும் கேட்போராகிய ஆசியரிலும் கொரிய அணுகுண்டுப் பாதிப்பாளர் எங்கு நிற்கின்றனர் என்பது தெளிவாகவில்லை. கூறுவோர், கேட்போர் என்னும் இருமை அவர்களுக்குப் போதவில்லை.

மற்றொன்று தமிழ் வாசகருக்கே சிறப்பாகப் புலப்படுவது. கதிரியக்கத்தால் எரிக்கப்படும் தம் நிலையைக் குறிக்கக் கவிஞர் ‘பாரியா’ என்னும் சொல்லை ஆள்கிறார். பறையர் என்னும் தமிழ்நிலச் சமூகப் பெயர் ஐரோப்பிய மொழிகளில் ‘விலக்கப்பட்டோர்’ என்னும் பொதுப்பொருள் பெற்று ஜப்பானியம் வரை சென்ற சொல் அது. மணத்திலும் பணியிலும் ஒதுக்கப்பட்ட அணுகுண்டுப் பாதிப்பாளரின் நிலையை அது கூர்மையாக உணர்த்துகிறது. ஆயினும் ஒரு சமூகத்தின் பெயர் இழிவின் குறியீடாகிய வரலாறும் அதனுடன் பயணிக்கிறது. பிறரின் காயங்களுக்குப் பொறுப்பேற்கக் கோரும் கவிதையில், கவிஞரின் நோக்கத்தில் இல்லாமலே வேறொரு காயம் இடம்பெற்றுவிடுகிறது. இக்கவிதையைத் தமிழாக்குவோர் ‘விலக்கப்பட்டோர்’ என எழுதினால் அவ்வரலாறு மறையும். மூலச்சொல்லைத் திருப்பி எழுதினால் இழிவு புதுப்பிக்கப்படும். இச்சிக்கலுக்கு எளிய தீர்வு இல்லை. அதனைக் குறிப்புரையிலேனும் சுட்டுவது மொழிபெயர்ப்பாளரின் கடமை.

முடிவுரை

தன்மை ஒருமையில் கோரிய தோகே, எழுவாய் தோன்றாத நினைவுக்கல், ‘நாங்கள்’ எனப் பேசிய குரிஹாரா ஆகிய மூன்று கூற்றமைப்புகளை ஒப்பிடும்போது, எதிர்ப்புக் கவிதையின் அறவலிமை கேட்போருக்கு அது அளிக்கும் இடத்தைப் பொறுத்தது என்பது புலனாகிறது. மனித இனம் முழுமைக்குமான ‘நாம்’ இயக்கத்தின் இலக்காகலாம்; தொடக்கமாக அதைக் கொள்ளும்போது பொறுப்பு மறைகிறது.

2017இல் 122 நாடுகளின் ஆதரவோடு ஏற்கப்பட்ட அணு ஆயுதத் தடை உடன்படிக்கையின் முகவுரை அணுகுண்டுப் பாதிப்பாளரைக் குறிப்பிடுகிறது. அவர்களின் அமைப்பான நிஹோன் ஹிடான்கியோ 2024இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றது. அவ்வுடன்படிக்கையில் ஜப்பான் சேரவில்லை. 1974இலும் 1998இலும் அணுச்சோதனை நடத்திய இந்தியாவும் சேரவில்லை. எனவே இந்தியாவிலிருந்து குரிஹாராவை வாசிக்கும் தமிழர் கேட்போர் மட்டுமல்லர். ‘நாங்கள்’ என்னும் சொல்லின் பொறுப்பு அவர்களையும் சேர்கிறது.