வினைமுதல் இல்லாத வாக்கியம்

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்கு அணித்தாகச் சிறு தையற்கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் அண்மையில் ஒரு மாலைப்பொழுதில் கடிதமொன்றைக் கையிற் பிடித்தபடி என் வீட்டிற்கு வந்தார். அவருடைய மகன் என்னிடம் தமிழ் பயிலும் மாணவன். இரண்டு தையல் இயந்திரங்கள் வாங்குவதற்காகப் பெரிய வங்கியொன்றில் நான்கு இலட்சம் ரூபா கடன் கேட்டு அவர் விண்ணப்பித்திருந்தார். பதில் ஆங்கிலத்தில் வந்திருந்தது.

"இல்லை என்றுதான் எழுதியிருக்கிறார்கள், அது எனக்கு விளங்கிவிட்டது சேர். ஏன் இல்லை என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா, அதைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

நான் அக்கடிதத்தைத் தமிழாக்கிச் சொல்ல முயன்றேன். தங்கள் விண்ணப்பம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. வங்கியின் கடன் நியதிகளுக்கு அமைய அது அங்கீகரிக்கப்படவில்லை. தங்கள் ஒத்துழைப்புப் பெரிதும் மதிக்கப்படுகிறது. மூன்றே வாக்கியங்கள், மூன்றும் செயப்பாட்டுவினை. செயப்பாட்டுவினை வாக்கியத்தில் வினைமுதல் 'ஆல்' உருபு ஏற்று வருதல் வேண்டும் என்று நாம் வகுப்பறையிற் கற்பிக்கிறோம். இக்கடிதத்தில் 'ஆல்' இல்லை. பரிசீலித்தவர் யார், மறுத்தவர் யார், எந்த நியதியின்படி மறுத்தார் என்ற வினாக்களுக்கு அங்கே விடையில்லை. அன்பர் கேட்ட 'ஏன்' என்பதற்கும் விடையில்லை. கடிதத்தை மடித்து அவரிடமே கொடுத்தேன்.

இலக்கிய ஏடொன்றில் வங்கிக் கடிதத்தைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் வினவலாம். ஒரு சமுதாயத்தில் மிக அதிகமான மனிதரின் வாழ்வைத் தீர்மானிக்கும் உரைநடை அதன் நாவல்களிலே மட்டும் இருப்பதில்லை. விண்ணப்பப் படிவங்களிலும் அறிவித்தல்களிலும் மறுப்புக் கடிதங்களிலும் அது இருக்கிறது. அந்த உரைநடை எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று ஆராய்வதும் விமர்சகனின் கடமையே. இக்கடிதம் மறைத்த வினைமுதலை நமது கதைகளும் நெடுங்காலமாகக் காணத் தவறிவிட்டன என்பதே நான் இங்கு கூற விரும்புவது.

கடன் என்றதும் நம் புனைகதைகளில் தோன்றுபவன் வட்டிக்காரன். அவனுக்கு முகம் உண்டு, தொந்தி உண்டு, கணக்குப் புத்தகமும் இரும்புப் பெட்டியும் உண்டு. வாசகன் அவனை உடனே இனங்கண்டு வெறுத்துவிடுகிறான். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' முதல் பிரேம்சந்தின் 'கோதான்' (1936) வரை உலக இலக்கியத்திலும் கடன் கொடுப்பவன் பெரும்பாலும் ஓர் ஆளாகவே வருகிறான். பிரேம்சந்த் தம் விவசாயியைச் சூழ்ந்து நிற்கும் கடன்காரர் கூட்டத்தையே ஒரு முழு அமைப்பாகக் காட்டிய பெருங்கலைஞர். அவரளவு பார்வையில்லாதவர் கையிலோ வட்டிக்காரன் தனியொரு கெட்டவனாகக் குறுகிவிடுகிறான். கெட்டவன் போய் நல்லவன் வந்தால் எல்லாம் சீராகிவிடும் என்ற மயக்கத்தை இத்தகைய கதைகள் உண்டாக்குகின்றன.

இந்த மயக்கத்தின் விலையை நமது நகரமே அறியும். கொட்டாஞ்சேனையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் செட்டியார் தெரு. இன்று நகைக்கடைகள் நிறைந்த அத்தெரு, குடியேற்ற ஆட்சிக் காலத்தில் நாட்டின் கடன் சந்தையாக விளங்கியது. அந்நாளில் கொழும்புக் கோட்டையிலிருந்த பிரித்தானிய வங்கிகள் ஏற்றுமதி, இறக்குமதி நிறுவனங்களுக்கும் ஐரோப்பியத் தோட்டக் கம்பெனிகளுக்குமே பெரிதும் பணிபுரிந்தன. உள்நாட்டுச் சிறு வணிகனுக்கும் தென்னந்தோட்டக்காரனுக்கும் அவற்றின் கதவு எளிதில் திறப்பதில்லை. ஆனால் அதே வங்கிகள், சிறாப்பரின் உத்தரவாதத்தின் பேரில், நாட்டுக்கோட்டைச் செட்டியாருக்குக் கடன் கொடுத்தன. செட்டியார் அதனையும் தம் சொந்த முதலையும் சேர்த்து, கூடிய வட்டிக்கு உள்நாட்டவருக்குக் கொடுத்தனர். வங்கி தன் கையால் தொட விரும்பாத மக்களிடமிருந்தும் இலாபம் வங்கியை வந்தடைந்தது.

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்திலே தேங்காயின் விலையும் இறப்பரின் விலையும் சரிந்தன. வங்கிகள் கடனை இறுக்கின. செட்டியார் தம் கடனாளிகளை இறுக்கினர். ஈடுவைத்த காணிகள் கைமாறின. காணியை இழந்தவன் கண்ட முகம் செட்டியாரின் முகமே. கோட்டையிலிருந்த வங்கியின் முகத்தை அவன் கண்டதில்லை. ஆகவே அவனுடைய சினம் ஒரு தெருவின்மீதும், அத்தெருவில் வாழ்ந்த ஒரு சமூகத்தின்மீதும் பாய்ந்தது. அதனை இந்திய எதிர்ப்பு உணர்ச்சியாக வளர்த்துப் பயன்கொண்ட அரசியல்வாதிகளும் இருந்தனர். செட்டியார் குற்றமற்றவர் என்று வாதிப்பது என் நோக்கமன்று. அவர் வாங்கிய வட்டியும் வட்டியே. எனினும் வாக்கியத்தின் வினைமுதலைப் பிழையாகக் கண்டதனால், வர்க்கக் கேள்வியாக எழுந்திருக்க வேண்டியது இனப்பகையாகத் திரிந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இக்குறையை ஆராயவே 1934இல் சேர் சொராப்ஜி பொச்கன்வாலா தலைமையில் இலங்கை வங்கி ஆணைக்குழு விசாரணை நடத்தியது. 1911இல் இந்தியாவின் சென்ட்ரல் வங்கியை நிறுவியவர் அவர். உள்நாட்டவரின் கடன் தேவையை நிறைவேற்ற அரச ஆதரவுடன் ஒரு வங்கி வேண்டும் என்று ஆணைக்குழு கூறியது. 1939 ஆகஸ்ட் முதலாந் திகதி இலங்கை வங்கி தன் பணியைத் தொடங்கியது. 1961இல் அது அரசுடைமையாயிற்று. அதே ஆண்டில், கூட்டுறவு இயக்கத்தையும் கிராமியக் கடனையும் வளர்க்கும் நோக்குடன் மக்கள் வங்கி பிறந்தது. மக்கள் வங்கியை உருவாக்குவதில் முன்னின்ற அமைச்சர் ரி. பி. இலங்கரத்ன ஓர் எழுத்தாளர். வேறுபட்ட வகுப்புகளைச் சேர்ந்த இரு சிறுவரின் நட்பைக் கூறும் 'அம்ப யஹளுவோ' (1957) என்ற சிங்களக் கதையின் ஆசிரியர். நமது நாட்டின் பெரிய வங்கிகள் மறுக்கப்பட்டவரின் முறைப்பாட்டிலிருந்து பிறந்தவை என்பதற்கு இவ்வரலாறே சான்று.

1939ஆம் ஆண்டு இன்னொரு காரணத்தாலும் நினைக்கத்தக்கது. அவ்வாண்டிலேதான் ஜோன் ஸ்டீன்பெக்கின் 'கோபத்தின் கனிகள்' வெளிவந்தது. அந்நாவலில் நிலத்தைப் பறிகொடுக்கும் குத்தகை விவசாயி துப்பாக்கியை எடுக்கிறான். எதிரே உழுபொறி ஓட்டி வருபவனோ கூலிக்கு வந்த அண்டைவீட்டுப் பையன். அவனை ஏவியவருக்கு மேல் ஒருவர், அவருக்கும் மேல் வங்கி, வங்கிக்கும் மேல் கிழக்கிலிருந்து வரும் கட்டளை. எவரைக் குறிபார்ப்பது என்று அறியாது அவன் திகைக்கிறான். கடன் கொடுப்பவன் ஆளாக இருந்த காலம் முடிந்து அமைப்பாகிவிட்ட காலம் வந்ததை அக்கலைஞன் கண்டுகொண்டான். தமிழ்ப் புனைகதையோ இன்றும் பெரும்பாலும் இரும்புப் பெட்டிக்காரனையே தேடிக்கொண்டிருக்கிறது.

இன்றைய நிலையைப் பார்ப்போம். 1990இல் இந்நாட்டில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று, கடன்பெற்றோரின் கொடுக்கல் வாங்கல் வரலாற்றைத் திரட்டும் கடன் தகவல் பணியகத்தை நிறுவியது. மற்றையது, கடன் தவறியவரின் ஈடுவைத்த சொத்தை, நீதிமன்றத்தை நாடாது, தன் பணிப்பாளர் சபையின் தீர்மானத்தாலேயே வங்கி ஏலத்தில் விற்பதற்கு அதிகாரம் அளித்தது. 'பராட்டே சட்டம்' என்று வணிகர் அஞ்சிப் பேசுவது இதனைத்தான். கடனாளியைப் பற்றி வங்கி அறியவேண்டியதை அறிய ஒரு சட்டம். அவன் சொத்தை விரைந்து விற்க ஒரு சட்டம். ஆனால் தன்னை மறுத்த தீர்மானத்தைப் பற்றிக் கடன் கேட்டவன் அறியவேண்டியதை அறிவதோ இன்றும் அரிதாகவே இருக்கிறது. முதலாளித்துவத்தின் கோட்டையாகிய அமெரிக்காவிலேயே, 1974இன் சம கடன் வாய்ப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தமும், மறுப்பின் காரணத்தைக் கேட்டறியும் உரிமையை விண்ணப்பதாரருக்கு அளித்துள்ளன. நம் மத்திய வங்கியும் 2023இல் நிதி நுகர்வோர் பாதுகாப்புக்கென ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. விதி ஏட்டில் இருப்பது வேறு. அது தையற்காரரின் கைக்கு வரும் கடிதத்தில் இருப்பது வேறு.

2022 ஏப்ரல் மாதத்தை நாம் மறக்கவில்லை. அம்மாதம் 8ஆந் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தி 14.5 சதவீதமாக்கியது. 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. அரசு கடன் தவறியபோது கடன்கொடுத்தோர் மேசையைச் சுற்றி அமர்ந்தனர்; சட்ட அறிஞரும் நிதி ஆலோசகரும் வந்தனர்; தவணை நீண்டது; ஒரு பகுதி கழிக்கவும் பட்டது. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது, திறைசேரி முறிகளில் வங்கிகள் இட்ட முதலுக்கு விலக்களிக்கப்பட்டது; தொழிலாளரின் சேமலாப நிதியோ சுமையைத் தாங்கியது. அதே நெருக்கடியில் தவணை தவறிய சிறு முயற்சியாளனுக்கு அத்தகைய மேசை போடப்படவில்லை. வந்தது ஏல அறிவித்தல். எதிர்ப்பு வலுத்த பின்னரே 2024இல் பராட்டே சட்டத்தின் செயற்பாடு சிறிது காலம் இடைநிறுத்தப்பட்டது. மக்கள் ஒன்றுசேர்ந்து கேட்டால் சட்டமும் நின்று செவிகொடுக்கும் என்பதற்கு அதுவே சான்று.

வங்கியிலுள்ள பணம் வைப்பாளரின் பணம், அவ்வைப்பாளருள் ஏழை ஓய்வூதியகாரரும் உளர், கேட்டவர்க்கெல்லாம் அள்ளிக்கொடுத்தால் அவர் கதி என்னாகும் என்று ஒரு மறுப்பு எழலாம். இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. ஆராய்ந்து கொடுத்தல் வேண்டும். சிலருக்கு மறுத்தலும் வேண்டும். எல்லார்க்கும் கடன் கொடு என்பது நம் கோரிக்கையன்று. மறுப்பின் காரணத்தைச் சொல், அக்காரணம் மனிதனின் உழைப்பை அளந்ததா, அவன் பெட்டியிலுள்ள உறுதியை மட்டும் அளந்ததா என்று நாங்கள் பார்க்க விடு, இதுவே கோரிக்கை. தோட்டத்து வரிசை வீட்டில் வாழ்பவனிடம் காணி உறுதி கேட்பதும், நாட்கூலிக்காரனிடம் சம்பளச் சீட்டுக் கேட்பதும் நடுநிலையான நியதிகள் போலத் தோன்றலாம். சொத்துள்ளவனுக்கே கடன் என்பதுதான் அவற்றின் உட்பொருள். இந்நியதி கடைநிலை மனிதரை எங்கே தள்ளுகிறது என்பதை, நுண்கடன் கம்பெனிகளுக்கு எதிராக 2021இல் ஹிங்குராக்கொடையில் வாரக்கணக்காகச் சத்தியாக்கிரகமிருந்த பெண்கள் நாட்டுக்கு உணர்த்தினர்.

நம் தையற்கார அன்பர் என்ன செய்தார்? கடிதம் கிடைத்த மறுவாரம் மனைவியின் காப்புகளை எடுத்துக்கொண்டு அதே கட்டடத்துக்குச் சென்றார். அங்கே அடகுப் பகுதி ஒன்றுண்டு. பொன்னை உரைத்துப் பார்த்தார்கள், நிறுத்தார்கள், பணம் எண்ணிக் கொடுத்தார்கள். சம்பளச் சீட்டோ பிணைகாரரோ கேட்கப்படவில்லை. ஓர் இயந்திரம் வாங்கினார். "இருபது வருடமாகத் தைக்கிறேன் சேர். என் கையை யாரும் பார்க்கவில்லை. அவளுடைய காப்பைப் பார்த்தார்கள்" என்றார். வட்டிக்காரனை ஒழிக்கப் பிறந்த நிலையம் வட்டிக்காரனின் தராசையும் உரைகல்லையும் கையில் ஏந்தி நிற்கும் இக்காட்சியைவிடச் சிறந்த கதைப்பொருள் நம் எழுத்தாளருக்கு வேண்டுமா?

அக்கதையில் கருமபீடத்துக்கு அப்பால் அமர்ந்திருக்கும் எழுதுவினைஞனை அரக்கனாக்குதல் ஆகாது. தன் கையில் ஒன்றுமில்லை என்று அவன் கூறுவது பொய்யன்று. அவனும் சம்பளத்துக்கு உழைப்பவன். அவனுக்கு மேல் யார், அவருக்கும் மேல் எது என்று படிப்படியாக ஏறிச் சென்று காட்டுவதே யதார்த்த இலக்கியத்தின் பணி. ஒற்றைக் கெட்டவனைச் சபிக்கும் கதை வாசகனின் கண்ணீரோடு முடிந்துவிடும். அமைப்பைக் காட்டும் கதை அவனைக் கேள்வி கேட்கத் தூண்டும்.

ஆசிரியராகிய நமக்கும் இதில் பங்குண்டு. செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றுக என்று ஆண்டுதோறும் மாணவருக்குப் பயிற்சி கொடுக்கிறோம். இனிமேல் செயப்பாட்டுவினையைச் செய்வினையாக மாற்றவும் பழக்குவோம். 'விண்ணப்பம் மறுக்கப்பட்டது' என்ற வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, வினைமுதலைத் தேடச் சொல்வோம். முன் வாங்கில் இருக்கும் தையற்காரரின் மகன் அதற்கு விடை தேடத் தொடங்குவானாயின், அன்றைய பாடம் வீண்போகவில்லை.